பழைய காருக்கு மாற்று எஞ்சின்: விலையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்

வாப்பா விட்டுச் சென்ற 1960ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் கார், 1998இல் புகை கக்கத் தொடங்கியது. பஞ்சிகாவத்தையில் டட்சன் 1200 காரின் 'ஏ12' எஞ்சின் ஒன்று மலிவாகக் கிடைத்தது. அரை மணி நேரத்தில் பேரம் பேசி வாங்கிவிட்டேன். விலையைக் குறைப்பதில் காட்டிய கெட்டித்தனத்தை, அது எனது காருக்குப் பொருந்துமா என்று கேட்பதில் நான் காட்டவில்லை.

கராஜுக்குக் கொண்டு போன பிறகுதான் செலவு தெரிந்தது. எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் பொருந்தவில்லை. டட்சன் கியர் பொக்ஸும் வாங்க வேண்டியதாயிற்று. அது உட்கார, கீழேயுள்ள குறுக்குச் சட்டத்தை வெட்டினார்கள். புரொப்பலர் ஷாப்ட் லேத்துக்குப் போனது. எல்லாம் முடிந்து ஓடவிட்டால் கார் பறந்தது; ஆனால் பிரேக் பிடிக்கவில்லை. 37 குதிரை வலுவுள்ள 948 சிசி எஞ்சினுக்காகச் செய்த 7 அங்குல டிரம் பிரேக், அறுபதுக்கு மேல் வலுவுள்ள எஞ்சினுக்கு எப்படிப் போதும்? கடைசியில் எஞ்சின் விலையைப் போல் மூன்று மடங்கு செலவாகியிருந்தது.

ஆகவே, இப்படியொரு கார் வைத்திருப்பவர்கள் முதலில் மூன்று வழிகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ஒன்று, இருக்கும் எஞ்சினையே ரீபோர் செய்து, கிராங்க் தீட்டிப் புதுப்பிப்பது. வேகம் கூடாது. ஆனால் வேறெதையும் மாற்ற வேண்டியதில்லை. காரின் மதிப்பும் குறையாது.

இரண்டு, அதே குடும்பத்து எஞ்சின். 1962 முதல் மைனரில் வந்த 1098 சிசி, அல்லது 1275 சிசி எஞ்சினை எடுக்கலாம். பின்தகடும் கிளச்சும் பொருத்தமாகப் பார்த்துக்கொண்டால் பெரிய வெட்டுக்கொத்து இல்லை. முன் பிரேக்கை மட்டும் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும்.

மூன்று, நான் செய்தது போல வேறு கம்பனி எஞ்சின். தினமும் தூரப் பயணம் போகிறவருக்கு இது நல்லதே. ஆனால் கியர் பொக்ஸ், ஷாப்ட், ரேடியேட்டர், பிரேக், லேத் கூலி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிய பிறகே முற்பணம் கொடுங்கள்.

எதை வாங்கினாலும் எல்லா சிலிண்டர்களிலும் கொம்பிரஷன் பாருங்கள். ஒன்று மட்டும் குறைந்தால் வாங்காதீர்கள். எண்ணெய் மூடியின் அடியில் பால் போல் வெள்ளைப் பசை இருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். எஞ்சின் இலக்கம் பற்றுச்சீட்டில் உள்ளதுடன் ஒத்திருக்க வேண்டும். அராவிய தடம் இருந்தால் தொடவே வேண்டாம். எஞ்சின் மாற்றியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து புத்தகத்தையும் திருத்திக்கொள்ளுங்கள்.

எனது பெரிய தவறை இன்னும் சொல்லவில்லை. கழற்றிய எஞ்சினைப் பழைய இரும்புக்கு நிறுத்து விற்றுவிட்டேன். சில வருடங்களின் பின் கடைக்குப் பணம் தேவைப்பட்டு காரை விற்க நினைத்தபோது, வாங்க வந்தவர் பொனட்டைத் திறந்து பார்த்து, "நானா, இதன் சொந்த எஞ்சின் எங்கே?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. புத்தகத்திலும் பழைய இலக்கமே இருந்தது. அவர் குறைத்துக் கேட்ட தொகை, நான் பேரத்தில் மிச்சம் பிடித்ததைவிடப் பல மடங்கு. பணம் அவசரம் என்பதால் கொடுத்துவிட்டேன். வாப்பாவின் காரும் போனது.

கழற்றிய எஞ்சினுக்கு எண்ணெய் பூசி ஒரு மூலையில் வைத்திருந்தால் எனக்கு எந்தச் செலவும் வந்திராது. கடைக்குப் பழைய பிரீசர் வாங்கினாலும், மாவரைக்கும் இயந்திரம் வாங்கினாலும் இதே கணக்குத்தான். வாங்கும் விலை முதல் வரி மட்டுமே. பொருத்தும் செலவு, ஓட்டும் செலவு, விற்கும்போது கிடைக்கும் விலை ஆகிய மற்ற மூன்று வரிகளையும் எழுதிப் பார்த்த பிறகே அது மலிவா என்று தீர்மானியுங்கள்.