பிள்ளைகளின் ஒழுக்கமும் அகிம்சா அணுவிரதமும்



வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்து ஊர்களிலிருந்து பிழைப்பு நாடி வந்த நம் குடும்பங்கள் பல, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் வாழ்கின்றன. தொழிற்பேட்டையில் ஷிப்டு முடித்துத் திரும்பும் தந்தைக்கும், வேலைக்கும் அடுப்படிக்கும் இடையே அலையும் தாய்க்கும், பிள்ளையோடு அமர்ந்து பேசப் பொழுது வாய்ப்பதில்லை. பள்ளியிலிருந்து புகார் வந்தாலோ, "கண்ணை மட்டும் விட்டுவிட்டு அடியுங்கள் ஐயா" என்று ஆசிரியரிடம் ஒப்படைத்து வருகிறோம். அக்கறையால் எழுந்த சொல்தான். ஆயினும் அச்சொல்லால் நாம் ஏற்ற விரதம் குறைபடுகிறதா என்பதை ஆராய்வோம்.

சட்டம் கூறுவது

தமிழ்நாடு கல்வி விதிகளில் 2003ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம் பள்ளிகளில் உடல் தண்டனையை விலக்கியது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல் தண்டனையோடு மனத்துன்புறுத்தலையும் தடுத்தது. ஆகவே பெற்றோர் இசைந்தாலும் பிரம்பெடுக்க ஆசிரியருக்கு உரிமையில்லை.

ஆசிரியரின் இடரையும் நாம் மறக்கலாகாது. 2012 பிப்ரவரியில் சென்னைப் பள்ளி ஒன்றில் 9ஆம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் ஆசிரியையை வகுப்பறையிலேயே குத்திக் கொன்றதை நாடறியும். பிரம்பை நீக்கினால் மட்டும் போதாது. அதன் இடத்தில் வைக்க வேண்டியது ஒன்றுண்டு. அது யாது?

விரதம் கூறுவது

அகிம்சா அணுவிரதத்திற்கு அதிசாரங்கள் ஐந்து என்று தத்துவார்த்த சூத்திரம் வகுக்கிறது. கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவு மீறிச் சுமையேற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. உழவு மாட்டுக்கும் பொருந்தும் இவ்வறம் பெற்ற பிள்ளைக்குப் பொருந்தாதா? முழங்காலிட வைப்பதும், பசியோடு வெளியே நிறுத்துவதும், பள்ளி, டியூஷன், மறுபடியும் படிப்பு என்று தாங்கவொண்ணாச் சுமையை ஏற்றுவதும் இவ்வைந்தினுள் அடங்குவனவே.

மேலும், செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றும் வினையைச் சேர்க்கும். "அடியுங்கள்" என்பது செய்வித்தல். பிறர் அடிக்கக் கண்டு "நன்று" என்பது உடன்படுதல். கை நம்முடையதன்று என்பதால் பழி நீங்காது.

அடியின் விளைவையும் எண்ணுக. அடிபட்ட பிள்ளையிடம் குரோதம் மூள்கிறது. பலர் முன் இகழப்பட்டவன் இழந்த மதிப்பை மீட்க முரண்டு செய்கிறான், அது மானம். அடிக்கு அஞ்சியவன் மறைக்கவும் பொய்யுரைக்கவும் கற்கிறான், அது மாயை. திருத்த எடுத்த கோல் கசாயங்களையே வளர்க்கிறது.

ஆலோசனை

பிராயச்சித்தம் ஒன்பதனுள் முதலாவது ஆலோசனை. செய்த பிழையை ஒளிவு மறைவின்றிக் குருவிடம் எடுத்துரைத்தலே அது. இன்று உளவியல் ஆலோசனை என வழங்குவதிலும் பிள்ளை தன் உள்ளத்தைத் திறக்கிறான். பெரியவர் பதறாது கேட்கிறார். கேட்கும் செவி இருந்தால்தான் உரைக்கும் நா எழும். நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஒன்றான ஸ்திதிகரணமும் இதனையே வலியுறுத்தும். வாரிஷேண முனிவர் மனந்தளர்ந்த தம் தோழரை விலக்கவில்லை; உடனிருந்து நிலைநிறுத்தினார். பிரம்பின் இடத்தில் வைக்கத்தக்கது இதுவே. இது கண்டிப்பைக் கைவிடுதல் அன்று. பிழையைப் பிழையென்று சொல்லி, அதனால் வந்த கேட்டைப் பிள்ளையே சரிசெய்யும்படி உடனிருத்தல்.

நாம் செய்யத்தக்கவை

உறக்கம் கெடுதல், ஓயாத வயிற்றுவலி, காரணமற்ற சினம், பள்ளிக்குச் செல்ல மறுத்தல், தோழரை விட்டு ஒதுங்குதல் ஆகியவை நீடித்தால் அவற்றைச் சோம்பல் என்று தள்ளாதீர்கள். வகுப்பாசிரியரைக் கண்டு பேசுங்கள். மாணவரும் பெற்றோரும் பள்ளிக் கல்வித்துறையின் 14417 என்னும் எண்ணிலும், மனநல ஆலோசனைக்கு 2022இல் தொடங்கப்பட்ட 14416 என்னும் எண்ணிலும் பேசலாம். கொடுமைக்கு ஆளாகும் பிள்ளைக்கு 1098 உண்டு. இவற்றை நாடுவது குடும்பத்திற்கு இழுக்காகாது.

சூரியன் சாயுமுன் உண்ணும் நியமத்தை இயன்றவரை காத்துவரும் நாம், இக்காலாண்டில் இன்னொரு நியமமும் ஏற்போம். நாள்தோறும் கால் மணி நேரம், மதிப்பெண்ணைப் பற்றிக் கேளாமல், பிள்ளை சொல்வதை இடைமறிக்காது கேட்போம். எறும்புக்கும் இரங்கும் நம் இல்லத்தில் நம் பிள்ளை அஞ்சி வாழலாகாது.

அறம் வளர்க!