பொது அடைவு யாருக்குப் பொது?

முன்பு நான் பணியாற்றிய பள்ளியில், லினக்ஸ் கணினி ஒன்றில் ஆசிரியர்கள் அனைவரும் மதிப்பெண் பட்டியல்களை ஒரே அடைவில் சேமித்தோம. ஒருவர் உருவாக்கிய கோப்பை மற்றவர் திறக்கலாம், திருத்த முடியாது. அலுத்துப்போய் அடைவு முழுவதற்கும் 777 என அனுமதி கொடுத்துவிட்டேன். மறுவாரம் அரையாண்டு மதிப்பெண் கோப்பைக் காணோம். அதே கணினியில் பயிற்சி செய்த மாணவர் ஒருவர் தெரியாமல் நீக்கியிருந்தார். தவறு அவருடையதன்று, கதவைத் திறந்து வைத்தவன் நான்.

777 என்றால் என்ன?

லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், குழு, பிறர் என மூன்று தரப்பினர் உண்டு. படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டினால் 7. அடைவுக்கு 1 என்பது உள்ளே நுழையும் அனுமதி. 777 என்றால் பிறருக்கும் முழு அனுமதி. ஒரு கோப்பை நீக்க, அது இருக்கும் அடைவில் எழுதவும் நுழையவும் அனுமதி இருந்தாலே போதும்.

செய்ய வேண்டியவை

1. 'குரூப்ஆட்' கட்டளையால் ஆசிரியர்களுக்கென ஒரு குழுவை உருவாக்குங்கள்.
2. 'யூசர்மாட்' கட்டளையால் ஒவ்வொருவரையும் அதில் சேருங்கள். சிறிய ஏ, பெரிய ஜி இரண்டையும் சேர்த்தே இடவேண்டும். ஏ விடுபட்டால், அவர் ஏற்கெனவே சேர்ந்திருந்த மற்றக் குழுக்களிலிருந்து நீங்கிவிடுவார். ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைந்த பிறகே மாற்றம் செயல்படும்.
3. 'சிஎச்ஜிஆர்பி' கட்டளையால் அடைவையும் உள்ளிருக்கும் பழைய கோப்புகளையும் அக்குழுவுக்கு மாற்றுங்கள்.
4. 'சிஎச்மாட்' கட்டளையால் அடைவுக்கு 2770, பழைய கோப்புகளுக்கு 660 கொடுங்கள். முதலில் உள்ள 2, புதிய கோப்புகளும் அடைவின் குழுவையே பெறச் செய்யும். கடைசி 0, பிறரை உள்ளே விடாது.
5. ஆசிரியர்களின் 'யுமாஸ்க்' 002 ஆக இருக்கட்டும். 022 என்றிருந்தால் குழுவினர் புதிய கோப்பைப் படிக்கலாம், திருத்த முடியாது.

சக ஆசிரியரின் கோப்பை மற்றவர் தவறுதலாக நீக்காதிருக்க, 2770க்குப் பதில் 3770 கொடுக்கலாம். அப்போது கோப்பின் உரிமையாளரோ அடைவின் உரிமையாளரோதான் நீக்க முடியும்.

வகுப்பறையில்

புதுவாயல் பகுதி மாணவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஆலை வாயிலில் அடையாள அட்டை காட்டி உள்ளே போனாலும், எல்லாப் பிரிவுகளுக்குள்ளும் நுழைந்துவிட முடியாது என்பதைப் பெற்றோர் சொல்லிக் கேட்டிருப்பார்கள். குழு அனுமதியும் அப்படித்தான்.

எல்லாம் முடிந்ததும் மாணவர் கணக்கில் நுழைந்து அந்த அடைவைத் திறந்து பாருங்கள். "அனுமதி மறுக்கப்பட்டது" என்று வந்தால், நம் வேலை சரி.