சொற்பொழிவும் மாநாடும்

ஒருவர் அறிந்ததைப் பலருக்கு எடுத்துரைப்பது சொற்பொழிவு. பலர் அறிந்ததை ஒன்றுசேர்த்து ஆராய்வது மாநாடு. இரண்டிலும் மேடையும் அவையும் உண்டாகையால், இவற்றை ஒன்றெனக் கருதிவிடுவது எளிது.

திருப்பதியிலுள்ள ஸ்ரீ வேங்கடேசுவரப் பல்கலைக் கழகத்தில் 2017-ஆம் ஆண்டு ஜனவரி 3 முதல் 7 வரை இந்திய விஞ்ஞான மாநாட்டின் 104-ஆவது கூட்டம் நடைபெற்றது. நோபெல் பரிசு பெற்ற அறிஞர்கள் அதில் சொற்பொழிவாற்றினர். ஆயினும், அதனை மாநாடாக்கியவை துறைவாரியாகக் கட்டுரைகள் படிக்கப்பட்ட அமர்வுகளே. 1914-இல் கல்கத்தாவில் கூடிய முதல் மாநாட்டிலும் 35 கட்டுரைகள் 6 பிரிவுகளில் படிக்கப்பட்டன.

களப் பணியிலும் இவ்வேறுபாடு பயன்படும். சித்தூர்ப் பகுதியின் மானாவாரி நிலங்களில் நிலக்கடலை முக்கியப் பயிராகும். பூக்கும் பருவத்தில் ஜிப்சம் இட்டு மண் அணைத்தால், சுண்ணாம்புச் சத்தும் கந்தகச் சத்தும் கிடைத்துக் காய்கள் திரட்சியடையும். இது தெளிந்த செய்தி. இதனைப் பரப்பச் சொற்பொழிவே போதும்.

ஜிப்சம் இட்டும் ஒரு கிராமத்தில் காய்கள் பொக்காயின் நிலைமை வேறு. மழை எப்பொழுது பொய்த்தது, எந்த வயலில் எவ்விதை விதைக்கப்பட்டது என்பனவற்றை அவ்வூர் விவசாயிகளே அறிவர். அங்கே பழைய சொற்பொழிவையே திரும்ப நிகழ்த்தினால், காரணம் புலப்படாமலே அடுத்த பருவமும் பாழாகும்.

ஆகவே, விடை தெரிந்திருப்பின் பேசுக, தெரியாவிடின் கூட்டுக. கூட்டுமுன் ஆராய வேண்டிய வினாவை அனைவர்க்கும் அறிவித்து, முடிவில் யார் எதனைச் செய்வதென எழுதி வைத்தல் வேண்டும். ஆசிரியர்களும் வகுப்பறையில் இம்முறையைக் கையாளலாம்.