உயரமான பிள்ளைக்கு அளவான உடை

 

சென்ற ஆண்டு பள்ளி திறக்கும் முன் நமது அறக்கட்டளை சார்பில் உடைகள் வழங்கினோம். எல்லோரிடமும் வயதைக் கேட்டோம், உயரத்தைக் கேட்கவில்லை. பத்தாம் வகுப்பு மாணவி ஒருவருக்குக் கொடுத்த சுடிதார் பேண்ட் கரண்டைக்காலுக்கு நான்கு விரல் மேலே நின்றது. அவருடைய தாயார் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. பிள்ளை அதை உடுத்தவே இல்லை என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. தவறு எங்களுடையது.

இதில் நபி (ஸல்) அவர்களின் வழிமுறை என்ன? பத்ருப் போரில் எதிரணியில் வந்து கைதியானவர்களில் நபியவர்களின் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களும் ஒருவர். அப்போது அவர்கள் மீது சட்டை இல்லை. அவர்கள் நல்ல உயரம். கிடைத்த துணியை நபியவர்கள் போர்த்திவிடவில்லை. பொருந்தும் சட்டையைத் தேடினார்கள். அப்துல்லாஹ் இப்னு உபையின் சட்டைதான் அளவாக இருந்தது, அதையே அணிவித்தார்கள். பின்னாளில் அந்த மனிதர் இறந்தபோது நபியவர்கள் தமது சட்டையைக் கொடுத்தது இந்த உதவிக்கு ஈடாகத்தான் என்று அறிஞர் சுஃப்யான் இப்னு உயைனா (ரஹ்) கருதுகிறார்கள் (புகாரி 3008).

கைதிக்கே அளவு பார்த்து உடை தேடப்பட்டது. நம் சமுதாயப் பிள்ளைக்கு அளவு பாராமல் கொடுக்கலாமா? கொடுப்பது மட்டும் தர்மமல்ல. வாங்குபவர் கூச்சமின்றி உடுத்தும்படி கொடுப்பதே நிறைவான தர்மம்.

குட்டையான உடையை ஒதுக்கிவிட வேண்டாம். வீட்டிலேயே சரிசெய்யலாம்:

1. முதலில் பிள்ளையை நிற்கவைத்து இடுப்பிலிருந்து கரண்டைக்கால் வரை அளந்து, உடையின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். எத்தனை அங்குலம் குறைகிறது என்று தெரிந்தபின் தையலைப் பிரியுங்கள்.

2. பேண்டின் அடிமடிப்பைப் புரட்டிப் பாருங்கள். தைத்து வாங்கிய பேண்டில் பெரும்பாலும் துணி விட்டிருப்பார்கள். அதைப் பிரித்து இறக்கி, ஓரத்தில் கால் அங்குலம் மட்டும் விட்டு, உள்பக்கம் வேறு துணியில் இரண்டு அங்குலப் பட்டி வைத்துத் தையுங்கள். மடிப்பில் இருந்த துணி முழுவதும் நீளத்துக்குக் கிடைக்கும். பழைய மடிப்புக் கோட்டை ஈரத்துணி போட்டு இஸ்திரி செய்யுங்கள். ஆண்பிள்ளைகளுக்குக் கரண்டைக்காலுக்குக் கீழே இறக்க வேண்டாம்.

3. நாடா வைத்த சுடிதார் பேண்டில் மேலே இருக்கும் இடுப்புப் பட்டியைப் பிரித்து, மூன்று நான்கு அங்குலம் துணி சேர்த்து மீண்டும் வையுங்கள். டாப்ஸ் மறைத்துவிடும்; ஒட்டு வெளியே தெரியாது. பள்ளிச் சீருடைக்கு இதுவே நல்ல வழி.

4. வீட்டில் உடுத்தும் டாப்ஸின் அடியில் வேறு நிறத்தில் பார்டர் கொடுக்கலாம். பக்க ஓபன் இருப்பதால் முன்னும் பின்னும் தனித்தனியாக வைக்க வேண்டும். அதே துணியைக் கை ஓரத்திலும் வைத்தால் டிசைன் போலவே தெரியும். சேர்க்கும் பருத்தித் துணியை முதலில் நனைத்துக் காயவையுங்கள். இல்லையேல் துவைத்தபின் சுருங்கி இழுக்கும்.

5. புதிதாகத் தைக்கும்போதே அடியில் மூன்று அங்குலம் விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். வளரும் பிள்ளைக்கு இன்னுமோர் ஆண்டு உதவும்.

எல்லா உடையையும் நீட்ட முடியாது. தோள் இறுகினால் விட்டுவிடுங்கள். அதை வளர்த்தி குறைந்த பிள்ளைக்குக் கொடுத்து, இவருக்கு வேறொன்று தேடுவோம்.

இனி நமது பட்டியலில் வயதோடு உயரமும் எழுதப்படும், இன்ஷா அல்லாஹ். உடை தருபவர்கள் அதன் நீள அளவைச் சீட்டில் எழுதி வையுங்கள். பேகம்பூர் உள்ளிட்ட பகுதிகளில் வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கும் சகோதரிகள் வாரம் ஓர் உடையைச் சரிசெய்து தந்தால், அதுவும் ஸதகாதான். நத்தம் பக்கம் ரெடிமேட் சட்டை தைப்பவர்கள் மீதமாகும் வெட்டுத் துணிகளைத் தந்து உதவலாம்.

பிறர் மானம் காக்கும் நற்பணியில் அல்லாஹ் நம் அனைவரையும் சேர்த்தருள்வானாக. ஆமீன்.