அருவிக்கரைப் பலகையைப் படித்தீர்களா?

குற்றால சீசன் தொடங்கிவிட்டால் என்னிடம் வருகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, "டாக்டர், சைனஸ் இருக்கு, அருவியில் குளிக்கலாமா?" என்பதுதான். "மூலிகைத் தண்ணிதானே, ஒண்ணும் செய்யாதே?" என்றும் சேர்த்துக்கொள்வார்கள். அருவிக்கரைப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. உடம்புக்கு நல்லது தேடிப் போகிற இடத்தில் உயிருக்குக் காவல் அந்தப் பலகைதான்.

மழை மேலே, வெள்ளம் கீழே

2024-ம் ஆண்டு மே 17-ந் தேதி பழைய குற்றாலத்தில் பலர் குளித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று காட்டாற்று வெள்ளம் பாய்ந்தது. மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அது சீசன் மாதம்கூட இல்லை, கோடை மழைதான்.

நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம். ஆனால் மேலே மலையில் கொட்டும் மழை, செங்குத்தான பாறைகளில் தங்க இடமில்லாமல் சிறிது நேரத்திலேயே கீழே வந்துவிடும். பேரருவியில் சாதாரண நாட்களில் தண்ணீர் பாதி வழியில் பொங்குமாங்கடல் என்ற பாறைக் குழியில் விழுந்து, வேகம் தணிந்துதான் நம் தலைமேல் விழுகிறது. வெள்ளக் காலத்தில் அந்தத் தடுப்பு போதாது. தண்ணீரோடு கல்லும் மரக்கட்டையும் உருண்டு வரும். அதனால்தான், "இங்கே மழையே இல்லையே, ஏன் சார் தடை?" என்று போலீஸ்காரரிடம் வாதாடாதீர்கள்.

பலகையில் எழுதாத எச்சரிக்கைகள்

* தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கிச் செம்மண் நிறமாவது.
* இலை, சருகு, சுள்ளிகள் அதிகமாக வருவது.
* அருவியின் இரைச்சல் மாறுவது, தூரத்தில் உறுமல் போலக் கேட்பது.
* கணுக்காலில் இருந்த தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறுவது.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் போதும், உடனே வெளியேறுங்கள். ஓடை போகும் திசையிலேயே ஓடக் கூடாது. பக்கவாட்டில் மேடான இடத்துக்கு ஏற வேண்டும். செருப்பு, துண்டு, செல்போன் எடுக்கத் திரும்பாதீர்கள். வேகமாக ஓடும் தண்ணீர் அரை அடி ஆழம் இருந்தாலே பெரியவர்களையும் சாய்த்துவிடும். குழந்தைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பலகை சொல்வது ஏன்?

"வழுக்கும் பாறை": ஈரப் பாசியோடு எண்ணெய், சோப்பும் சேர்ந்தால் கால் நிற்காது. எண்ணெய்க் குளியலை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

"ஆழமான பகுதி": மேலே அமைதியாகத் தெரியும் தண்ணீருக்கு அடியில் குழியும் சுழலும் இருக்கும். நீச்சல் தெரிந்தவர்களும் தப்புவது கடினம்.

"தடுப்புக் கம்பியைத் தாண்டாதீர்கள்": போட்டோ எடுப்பதற்கும் இது பொருந்தும்.

ஒருவர் சிக்கிக்கொண்டால்

பின்னாலேயே குதிக்காதீர்கள். கயிறு, வேட்டி, புடவை, எது கிடைத்தாலும் கரையிலிருந்து வீசுங்கள். இன்னொருவரை 108-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.

மீட்டவருக்கு மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு இல்லையென்றால் மல்லாத்திப் படுக்க வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து 2 முறை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 முறை வேகமாக அழுத்தி, மறுபடி 2 முறை ஊதுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை இப்படியே தொடருங்கள். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும், தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வேண்டவே வேண்டாம்.

சித்த வைத்தியனாகவே சொல்கிறேன்: மயங்கிக் கிடப்பவர் வாயில் சுக்குக் கஷாயமோ, வெந்நீரோ, எதையுமே ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். கண் விழித்து எழுந்து உட்கார்ந்தவரையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத்திணறலை உண்டாக்கும்.

அடுத்த முறை கிளம்பும்போது பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுங்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் பலகையைச் சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அன்றைக்குத் தடை என்றிருந்தால், தூர நின்று அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். சீசன் அடுத்த வருஷமும் வரும்.