தன் பாட்டையே திருடினாரா?

கேள்வி: தன் பாட்டைத் தானே திருடியதாக ஒரு அமெரிக்க ராக் பாடகர் மேல் வழக்குப் போட்டார்களாமே, நிஜமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: நிஜம்தான். அவர் ஜான் ஃபோகர்ட்டி. 'கிரீடென்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல்' குழுவின் குரல், கிட்டார், பாட்டெழுத்து மூன்றும் அவரே. 1969-ல் மட்டும் மூன்று ஆல்பங்கள்! 'பிரவுட் மேரி'யைக் கேட்டால் மிசிசிப்பிக் கரையில் வளர்ந்தவர் என்றே நினைப்போம். ஆள் என்னவோ கலிஃபோர்னியாக்காரர்.

1972-ல் குழு உடைந்தது. பாடல்களின் உரிமை ஃபேன்டஸி நிறுவனத்திடம். கோபத்தில் பழைய பாட்டுகளை மேடையில் பாடவே பல வருஷம் மறுத்தார். 1985-ல் 'சென்டர்ஃபீல்ட்' ஆல்பத்தோடு திரும்பி வந்தார். அதில் ஒரு பாட்டு, 1970-ல் அவரே எழுதிய இன்னொன்றின் நகல் என்று ஃபேன்டஸி கோர்ட்டுக்குப் போனது. 1988-ல் சாட்சிக் கூண்டில் கிட்டாரோடு உட்கார்ந்து வாசித்தே விளக்கினார். ஜூரிகள் அவர் பக்கம். ஒருவருடைய பாணிக்கு இன்னொருவர் எப்படிப் பட்டா போட முடியும்?

ஆள் விடவில்லை. வக்கீல் செலவு கேட்டு சுப்ரீம் கோர்ட் வரை போய், 1994-ல் அங்கும் சாதகமான தீர்ப்பு வாங்கினார். அந்தப் பழைய பாடல்களின் வெளியீட்டு உரிமையில் பெரும்பங்கு அவர் கைக்கு வந்தது 2023-ல், 77 வயதில்.