ஐஐஎம் இன்டர்வியூ: வதந்தியும் நடப்பும்

நவம்பர் கடைசியில் கேட் தேர்வு. பிப்ரவரி பிறந்தால் ஐஐஎம் நேர்காணல்கள். இடைப்பட்ட காலத்தில் வாட்ஸ்அப் குழுக்களில் வதந்திக்குப் பஞ்சமில்லை.

நம்பிக்கை: 99 பர்சென்டைல் வாங்கியாச்சு, சீட் உறுதி.

உண்மை: பர்சென்டைல் வாசல்வரைதான் கொண்டுபோய் விடும். அதன்பிறகு நேர்காணல், பத்தாம் வகுப்பு மதிப்பெண், பணி அனுபவம் என்று பலதும் கணக்கில் சேரும். எதற்கு எவ்வளவு என்பதை ஒவ்வொரு ஐஐஎம்மும் தன் இணையதளத்திலேயே போட்டிருக்கிறது. அதைப் படிக்காமல் பக்கத்து வீட்டு அண்ணனைக் கேட்பானேன்?

நம்பிக்கை: தடுமாறினால் கதை முடிந்தது.

உண்மை: மெக்கானிக்கல் படித்த ஒருவர் தனக்குப் பிடித்த பாடம் தெர்மோடைனமிக்ஸ் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “பூட்டிய அறைக்குள் ஃபிரிட்ஜைத் திறந்து வைத்தால் அறை குளிருமா?” என்று கேட்கலாம். “குளிரும் சார்” என்றுதான் வாய் முந்தும். “ஃபிரிட்ஜின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்ததுண்டா?” என்று அடுத்த கேள்வி வந்தால், அது மடக்குவதற்கல்ல, கைகொடுப்பதற்கு. உள்ளேயிருந்து எடுத்த வெப்பத்தோடு, கம்ப்ரஸர் இழுக்கும் மின்சாரமும் வெப்பமாகி அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. ஆகவே அறை சூடாகும். அந்தப் பிடியைப் பற்றிக்கொண்டு யோசித்து, சொன்னதைத் திருத்திக்கொள்பவரைப் பேராசிரியர்களுக்குப் பிடிக்கும். அடியோடு தெரியாததற்கு ‘தெரியாது சார்’ போதும். உளறினால், அடுத்த கேள்வி அந்த உளறலிலிருந்தே பிறக்கும்.

நம்பிக்கை: நடப்புச் செய்திகளை உருப்போட்டால் தப்பிக்கலாம்.

உண்மை: பேப்பர் படியுங்கள், தப்பில்லை. ஆனால் நிறையக் கேள்விகள் நீங்கள் நிரப்பிய படிவத்திலிருந்தே கிளம்பும். சொந்த ஊர் திருப்பூரா? 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது ஏன் என்று தெரிந்திருக்க வேண்டும். பொழுதுபோக்கு கர்நாடக சங்கீதமா? மேளகர்த்தா 72 என்பதாவது நாக்கு நுனியில் இருக்கட்டும். அழகுக்காக எழுதிய பொழுதுபோக்குதான் பெரும்பாலும் காலை வாரும்.

நம்பிக்கை: கோட், டை இல்லாமல் போகக்கூடாது.

உண்மை: தேய்த்த சட்டை போதும். அந்தக் கவலையைச் சான்றிதழ்கள்மீது திருப்புங்கள். ஓபிசி பிரிவில் விண்ணப்பித்திருந்தால், தாலுகா அலுவலகத்தில் வாங்கிய பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் மட்டும் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், நான்-கிரீமி லேயர் என்று குறிப்பிட்டு, ஐஐஎம் சொல்லும் தேதிக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும்.